உலர்த்தும் மெஷினின் சுருதி

மூன்று மாதம் வகுப்பு இல்லை என்று பாட்டு டீச்சரம்மா சொன்னதும், சலவைக் கடைக்காரருக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். அறுபது வயதுக் கிழவனோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்க் கழற்றிவிடுகிறாரோ?

“தங்கச்சிக்கு ஆபரேஷன், ஐயா. கூட இருக்கணும். நீங்க பாட்டை விட்டுடாதீங்க. நான் வந்து கேட்கும்போது சுருதி நிக்கலேன்னா மறுபடியும் முதல் பாடம்தான். போன்ல சுருதி அனுப்பட்டுமா?”

“போனை நான் நம்பறதில்லம்மா.”

முதல் பாடத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வருடம் இழுத்துத் தாண்டியவர். மறுபடி அங்கே போவதைவிட வாயைத் தைத்துக்கொள்ளலாம்.

கடையில் துணி உலர்த்தும் மெஷின் நாள் முழுக்க ஒரே குரலில் முனகும். இஸ்திரி போட்டபடியே அந்த முனகலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு ‘ஸா’ என்று இழுத்தார். குரல் வழுக்கியது. விடவில்லை. கம்பளி போட்டால் மெஷின் திணறிச் சத்தம் இறங்கும். அதனால் விரிப்புகள் ஓடும்போது மட்டும் பாடினார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: “மெஷின் ரிப்பேர்னு ரெண்டு பேரு எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க.”

“பார்க்கட்டும். உனக்கு எங்க வலிக்குது?”

“காதுல.”

ஒருநாள் மெஷின் நின்ற பிறகும் அவர் குரல் அதே இடத்தில் நின்றது. கையிலிருந்த துணியை மடிக்காமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மா திரும்பி வந்து சுருதிப் பெட்டியைப் போட்டார். கடைக்காரர் பாடினார். ஒட்டவில்லை. மேலே இழுத்துப் பார்த்தார். குரல் வந்து தன் இடத்திலேயே உட்கார்ந்தது. டீச்சரம்மா புருவத்தைச் சுருக்கினார். முதல் பாடம் என்று சொல்லப்போகிறார்.

“பெட்டியை நிறுத்துங்கம்மா. தனியாப் பாடறேன்.”

ஸரிகம வரிசை முழுவதையும் பாடி மறுபடி ‘ஸா’வுக்கு வந்தார். டீச்சரம்மா பெட்டியை மறுபடி போட்டு, அதன் சுருதியை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பெட்டியும் குரலும் ஒன்றாகிவிட்டன.

“இம்மிகூட நகரலை ஐயா. இதுதான் உங்க சுருதி. பிள்ளைங்களோட உயர்ந்த சுருதியில உங்களையும் இத்தனை நாளாப் பாட வெச்சிருக்கேன். யார்கூடப் பழகினீங்க?”

“கடையில ஒருத்தன் இருக்கான். சளி பிடிக்காத ஆளு. அடுத்த பாடத்தை எடுங்க.”

மறுநாள் கடையைத் திறந்ததும் மெஷினில் அடைந்திருந்த பஞ்சை அவரே எடுத்துத் துடைத்தார்.

“குருவுக்குப் பணிவிடையா?” என்றாள் மனைவி.

“கம்பளியை அப்புறம் போடு. எனக்குப் புதுப் பாடம் இருக்கு.”