எரிமலைத் துகள்கள்

எரிமலை வெடித்து வானத்தின் மேலடுக்குக்குப் போன நுண்துகள்கள் எத்தனை மாதத்தில் கீழே இறங்கும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் அவள் வேலை. பதினோரு ஆண்டுகளாக அதையே செய்துவந்தாள். போன வருடம் சேர்ந்த சுருட்டை முடிக்காரனின் கணக்கோ, வானில் பறக்கவிட்ட பலூன் அளந்து தந்த எண்களோடு அவளுடையதைவிட நன்றாகப் பொருந்தியது. எல்லோரும் அவன் மேசையைச் சுற்றி நின்றபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

குறை கண்டுபிடித்தே தீருவது என்று அவன் நிரலை மூன்று நாள் வரிவரியாகப் படித்தாள். கிடைத்தது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும் வேகத்தைப் பாதியாகப் போட்டிருந்தான். வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது. அங்கேயே திருத்தி ஓட்டினான். பத்து நிமிடம் எல்லோரும் திரையையே பார்த்திருந்தார்கள். வரைபடத்தில் புதிய கோடு நகர்ந்து, பலூன் புள்ளிகளின் மேலேயே போய் உட்கார்ந்தது. கைதட்டினார்கள்.

"அக்கா, நீங்க பாக்கலேன்னா இது இவ்வளவு சரியா வந்திருக்காது. ஆய்வுக் கட்டுரையில உங்க பேரையும் போடறேன்" என்றான். அதில் கிண்டல் இல்லை, நிஜமான நன்றிதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அதெல்லாம் வேணாம்ப்பா" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். இரண்டு டம்ளர் குடித்தும் நெஞ்சு ஆறவில்லை. திரும்பி வந்து அவன் மேசையருகே நின்றாள்.

"எத்தனாவது பேரு?"

"ரெண்டாவதுக்கா."

"சரி, போடு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.