மூன்று முறை சீவிய கதவு

கட்டடங்களின் உறுதியைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் சீனியருக்குப் பட்டப்பெயர் பச்சை. கட்டடத்தின் மேல் பாரத்தை ஏற்றிக் கணினியில் பார்க்கும்போது, தாங்காத உத்தரம் சிவப்பாகத் தெரியும், தாங்குவது பச்சையாக. இந்த மனிதர் கை வைத்தால் எல்லாமே பச்சையாகிவிடும். பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டேதான் பாடம் நடத்துவார். குடைந்ததை மோந்து பார்த்துவிட்டு, அதே மூடியால் திரையில் என் தவறைத் தொட்டுக் காட்டுவார். அந்த அறையில் மூச்சை இழுத்து விடவே எனக்குப் பிடிக்காது.

நான் பார்த்த முதல் வேலை அக்கா கொண்டுவந்தது. அக்கா ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கீழே அவர் ஆபீஸ், மாடியில் காலியாகக் கிடந்த வீடு. முப்பது வருஷத்து கேஸ் கட்டுகளை மாடிக்கு ஏற்றினால் தளம் தாங்குமா என்று கேட்டிருந்தார். உத்தரங்களை அளந்து, பழைய வரைபடத்தில் கம்பிக் கணக்கை எடுத்து, ‘காகிதக் கிடங்கு’ என்று போட்டுச் சதுர மீட்டருக்கு அறுநூறு கிலோ ஏற்றினேன். நடு உத்தரம் பழுத்த மிளகாயாகச் சிவந்தது. அதற்கு நேர் அடியில்தான் அக்காவின் மேசை. அது எனக்கு அப்போதே தெரியும்.

“அறுநூறு யாரும்மா போடச் சொன்னா?” என்றார் பச்சை.

“பேப்பர் ஸ்டோர் சார். புக்குல அப்படித்தான் இருக்கு.”

“பேப்பர் என்ன வெயிட்டு? ஊதினா பறக்கும்.” மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு ‘படுக்கையறை’ என்று மாற்றினார். அறுநூறு இருநூறானது, திரை பச்சையானது. “சிவப்பு வந்தா பீமைப் பாக்காத, லோடைப் பாரு. தொழில் அவ்வளவுதான்.”

‘கணக்கிட்டவர்’ என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவர் என்றால், சோற்றை அள்ளிப் போட்டது நான்.

அந்தத் தாளை நம்பிக் கேஸ் கட்டுகள் மாடிக்கு ஏறின. மூன்று மாதம் போனது. ஒரு ராத்திரி சாப்பிடும்போது அக்கா அலுத்துக்கொண்டாள்.

“எங்க ஆபீஸ் தடுப்புக் கதவு மறுபடியும் பிடிக்குதுடி. கார்பெண்டர் மூணாவது தடவையா சீவிட்டுப் போறார். ஈரத்துல மரம் ஊதுதாம்.”

“எந்தக் கதவு?”

“என் மேசைக்குப் பக்கத்துல இருக்கே, அதுதான்.”

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பலகைத் தடுப்பு நடு உத்தரத்தை ஒட்டி நிற்கிறது. கதவு ஊதவில்லை, உத்தரம் இறங்கித் தடுப்பை அமுக்குகிறது. வாயில் இருந்த கவளத்தை எழுந்து போய்த் துப்பினேன். கதவைச் சீவும் தச்சரும் பாரத்தைச் சீவும் பச்சையும் ஒன்றுதான். தச்சருக்காவது தெரியாது.

காலையில் அக்காவோடு கிளம்பிப் போனேன். ஒரே அளவுள்ள இரண்டு தீப்பெட்டிகளை உத்தரத்தின் இரு முனையிலும் அடியில் வைத்து ஒட்டி, அவற்றின் கீழ்ப்பக்கத்தை ஒட்டி நூலை இழுத்துக் கட்டினேன். உத்தரம் நேராக இருந்தால் மூன்றாவது தீப்பெட்டி நூலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே நுழைய வேண்டும். நடுவில் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. சுண்ணாம்பு பூசிய அடிப்பக்கத்தில் முடி போல இரண்டு விரிசல்கள் ஓடின.

அக்காவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். வக்கீல் அப்போதுதான் வாசலில் வந்து இறங்கினார்.

“உள்ள யாரும் போகாதீங்க சார். முதல்ல உத்தரத்துக்கு இரும்பு முட்டுக் குடுக்கணும், அப்புறம் மாடியில இருக்கிற கேஸ் கட்டுகளையெல்லாம் இறக்கணும். தளம் தாங்காது.”

“தாங்கும்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “கையெழுத்து யாரோடது?”

“என்னோடது. அது பொய்க்கணக்கு சார்.”

சொல்லும்போது என் வாயே எனக்கு நாறியது. பச்சையைப் பார்த்து மூன்று மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டவள் நான். அந்த நாற்றத்தில் பாதி என்னுடையது.

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். ‘படுக்கையறை’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“என் தங்கச்சி பார்த்தா சரியா இருக்கும்னு சாருகிட்ட நான்தான் சொன்னேன்,” என்றாள். “மூணு மாசமா வீட்டுல என்கூட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்க.”

முட்டுக்கு ஆள் வரச் சொன்னேன். பச்சைக்கு போன் செய்து, கணக்கைத் திருத்தித் தரப்போகிறேன் என்றேன். “வேலை வேண்டாமா?” என்று கேட்டார். அவர் வாயில் அந்த மூடி உரசுவது போனிலேயே கேட்டது. வைத்துவிட்டேன்.

வக்கீலின் கார் மேல் தாளை வைத்து, ‘படுக்கையறை’யை அடித்துவிட்டுக் ‘காகிதக் கிடங்கு’ என்று எழுதினேன். கீழே ‘தாங்காது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீல் கையை நீட்டினார். அக்கா நடுவில் புகுந்து தாளை வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். அதற்குப் பிறகுதான் அவரிடம் கொடுத்தாள்.