கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே

பயிற்சியாளர் மலையின் கழுத்தில் அளவு நாடாவைச் சுற்றிய நர்ஸ், போன தடவையைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருப்பதைப் பார்த்ததும் மனதுக்குள் ஐயோ என்றாள். இடுப்பில் சுற்றினாள். நூற்றியொன்று. அது அசையவே இல்லை. கழுத்து இளைத்து இடுப்பு இளைக்காவிட்டால் கணக்கு ஏறிவிடும். எழுதாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இராணுவ முகாமின் மருத்துவ அறையில் மூன்று வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. எடை கூடினவர்களை வரிசையில் நிறுத்தி, குரல்வளைக்குக் கீழே ஒரு சுற்று, தொப்புளுக்கு நேராக ஒரு சுற்று. இடுப்பிலிருந்து கழுத்தைக் கழித்து, உயரத்தோடு சேர்த்து அட்டவணையில் தேடினால் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு எத்தனை என்று வந்துவிடும். இருபத்திரண்டைத் தாண்டினால் மூன்று மாதத் தவணை. அதற்குள் இறங்காதவனுக்குச் சீட்டுக் கிழியும். ஓட்டத்துக்கும் சுமைக்கும் தனியாக மதிப்பெண் உண்டுதான். நாடாவில் தோற்றவனுக்கு அவை செல்லாது.

மலை என்பது பயிற்சியாளருக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர். நாற்பத்தோரு வயது. கால் முறிந்த ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் இறங்கி வந்தவர். முதல் தடவை இருபத்தைந்து என்று அவள் சொன்னபோது வயிற்றைத் தட்டிச் சிரித்தார். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்று வரிசையில் யாரோ முணுமுணுக்க, எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மனிதர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினார். விடியுமுன் ஒரு ஓட்டம், வெயில் தாழ ஒரு ஓட்டம். கன்னம் ஒட்டியது. தோளெலும்பு சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி துருத்தியது. இப்போது கணக்கு இருபத்தாறு.

அடுத்த தடவை கழுத்து இன்னும் இரண்டு குறைந்தது. இடுப்பு இரண்டு கூடியிருந்தது. அட்டவணை இருபத்தெட்டுக்குமேல் காட்டியது. அவள் நாடாவைத் தன் மேசையின் விளிம்பில் வைத்து அளந்து பார்த்தாள். நாடா சரியாகத்தான் இருந்தது. எதிரில் நின்றவர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார்; தாளில் இருந்தவரோ பெருத்துக்கொண்டே போனார். இரண்டு பேரில் யாரை அளக்கிறோம் என்று ஒரு கணம் அவளுக்குக் குழம்பியது.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிராமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அளப்பதுதான் நம் வேலை, சாப்பாட்டை ஒளித்துத் தின்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று என்றார். சொல்லும்போதே வெள்ளைக் கோட்டுக்குள் தன் வயிற்றை எக்கிக்கொண்டார். அந்த முகாமில் அவளைக் கண்டால் எல்லோருக்கும் வந்துவிடும் பழக்கம் அது.

தவணை முடிய மூன்று நாள் இருந்தபோது, மதியம் மலையின் மனைவி வந்தாள். கையில் ஒரு பை. உள்ளேயிருந்து கணவனின் சீருடைக் கால்சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். கால் பக்கம் இரண்டு முறை பிடித்துத் தைத்திருந்தது. இடுப்புப் பக்கம் இரண்டு முறை பிரித்துவிட்டிருந்தது. ஒரே கால்சட்டை. நர்ஸ் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல சிஸ்டர்," என்றாள் அவள், கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு. "நேத்து மத்தியானம் படுத்திருந்தவரு புரண்டாரு. உள்ள தண்ணி அசையிற சத்தம் கேட்டுச்சு. குடத்தைச் சாய்ச்ச மாதிரி. அவரு மூச்சை அடக்கிட்டு அப்படியே கெடந்தாரு. அவருக்கும் கேட்டிருக்கு."

அன்று மாலையே நர்ஸ் மலையை வரச் சொன்னாள். நாடாவை மேசையிலேயே வைத்துவிட்டு, கட்டிலில் படுங்கள் என்றாள். மூன்று மாதமாக அவரை நாடாவால் சுற்றி அளந்திருக்கிறாள். ஒரு முறைகூட உள்ளங்கையால் தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வயிறு மேளத்தோல்போல் விறைத்து, குளிர்ந்திருந்தது. ஒரு பக்கம் கையை வைத்துக்கொண்டு மறுபக்கம் விரலால் சுண்டினாள். உள்ளே ஒரு அலை புறப்பட்டு வந்து அவள் உள்ளங்கையில் மோதியது. கதவைத் தட்டினால் உள்ளிருந்து யாரோ பதிலுக்குத் தட்டுவதுபோல. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"நம்பரைச் சொல்லுங்க சிஸ்டர்."

"இது கொழுப்பு இல்லண்ணே. தண்ணி."

அவர் கூரையைப் பார்த்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

"அப்ப இது கணக்குல சேராதுல்ல?" என்றார்.

எண்கள் எழுத வேண்டிய கட்டத்தை அவள் காலியாக விட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பவும் என்று எழுதித் தன் கையெழுத்தையே போட்டாள். அதற்கு அவளுக்கு அதிகாரம் கிடையாது. தாளை வாங்கிப் பார்த்த டாக்டர் எழுந்து போய்க் கட்டிலருகே நின்று, தானும் அந்த வயிற்றில் கை வைத்தார். திரும்பி வந்து, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டார்.

கல்லீரல் கல்லாகிக்கொண்டிருக்கிறது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். வருடக்கணக்காக இருக்கலாமாம். பட்டினியும் ஓட்டமும் அதை விரட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. குழாய் போட்டு இரண்டு தவணையாக ஒன்பது லிட்டர் இறக்கினார்கள். பிழைப்பாரா என்று கேட்டால் பார்ப்போம் என்றார்கள்.

ஐந்தாம் நாள் நர்ஸ் பார்க்கப் போனாள். அவளைக் கண்டதும் மலை கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். மனைவி பதறித் தாங்கினாள். விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு குழிந்து, தோல் மட்டும் மடிந்து தொங்கியது.

"இப்ப அளங்க சிஸ்டர். இப்ப பாஸாயிடுவேன்."

நாடா கொண்டுவரவில்லை என்றாள் அவள். அவர் அது காதில் விழாதவராக, கவனமாகக் குதிகால்களைச் சேர்த்து, சட்டையை மார்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நர்ஸ் அசையவில்லை. கடைசியில் அவர் மனைவிதான் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அந்த இடுப்பைச் சுற்றினாள். விரல்கள் முன்னால் வந்து சந்தித்து, ஒன்றையொன்று தாண்டி, எதிர்ப்பக்கத்து மணிக்கட்டைப் பிடித்தன.

"எவ்வளவு?" என்றார் அவர், மூச்சை அடக்கியபடி.