ரூபார்ப் பாத்திக்கு அடியில்

"உன் வீட்டுக்கு நீயே போட்ட கான்கிரீட் டிரைவ்வே தகடு மாதிரி இருக்கு, மேவிஸ். ஒரு கீறல் இல்ல. எனக்கும் அதே மாதிரி வேணும்" என்று அண்ணன் டுவேன் போனில் சொன்னபோது, வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"பீர் உன் செலவு" என்றேன்.

"பீர் மட்டுமா? பிராட்வர்ஸ்ட் சாசேஜும் சுட்டுத் தரேன். ஆனா என் முதுகு சரியில்ல, இப்பவே சொல்லிட்டேன்."

"வேலைன்னா உன் முதுகு என்னைக்கு சரியா இருந்துச்சு?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

அம்மா முதியோர் இல்லத்தில் இறந்தபோது பக்கத்தில் இருந்தவன் அவன் மட்டும்தான். பனிப்புயலில் நெடுஞ்சாலையை மூடியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் விரிப்பைக்கூட மாற்றிவிட்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் காப்பிக் கோப்பையோடு நின்ற டுவேன், "கடைசியா உன்னப் பத்தி ஒண்ணு சொன்னாங்க" என்றான். என்னவென்று கேட்டேன். "வேணாம், விடு. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அம்மாவை இல்லத்தில் சேர்க்கலாம் என்று முதலில் சொன்னவள் நான். அது அவனுக்குத் தெரியும். அதன் பிறகு கேட்கும்போதெல்லாம் அதே இரக்கமான முகத்தைக் காட்டுவான். பாத்திரம் கழுவும்போது, சிவப்பு விளக்கில் காத்திருக்கும்போது, அம்மா என் தலைக்குள் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அபூர்வமாக மன்னிப்பாள். மற்ற நாட்களில் மாட்டாள்.

அம்மாவின் வீட்டில் இப்போது டுவேன் இருக்கிறான். பழைய ஜல்லிப் பாதையை அகலப்படுத்தி, புது பிக்கப் வண்டியை நிறுத்தும்படி கான்கிரீட் போட வேண்டும் என்றான். அகலப்படுத்தினால், இனிப்புப் பை சுடுவதற்காக அம்மா வளர்த்த, புளிப்புத் தண்டுள்ள ரூபார்ப் செடிகளின் பாத்தி உள்ளே வந்துவிடும்.

"பை சுட்டுத் தின்ன ஆளில்ல. தூக்கிப் போடு" என்றான்.

முளைக்குச்சிகள் அடித்தோம், நூல் பிடித்தோம். வீட்டுப் பக்கம் உயர்ந்து தெருப் பக்கம் தாழ்கிற மாதிரி வாட்டம் வைத்தோம். அவன் புல்லைச் சீவியபடி தெருப் பக்கத்து முனையில் இருந்துகொண்டான். பாத்தியை எனக்கு விட்டான்.

மண்வெட்டி அங்கே வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வருடா வருடம் அம்மா போட்ட மாட்டெரு, முழங்கை ஆழத்துக்குக் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. எங்கள் விஸ்கான்சினில் கான்கிரீட்டைக் கொல்வது வண்டியின் எடை அல்ல, குளிர்காலம். இந்த மாதிரி மண் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறையும்போது வீங்கித் தளத்தைத் தூக்கும். வசந்தத்தில் இளகி அமுங்கும். அடியில் கெட்டியான செங்களிமண் தெரியும்வரை அத்தனையையும் அள்ளி வெளியே போட வேண்டும்.

நான் அள்ளவில்லை. கிழங்குகளைப் பிடுங்கி, மேலே இரண்டு தள்ளுவண்டி களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் ஜல்லியைக் கொட்டிச் சமன் செய்தேன். பார்ப்பதற்கு மற்ற இடம் மாதிரியே இருந்தது. அவன் பிக்கப்பின் முன்சக்கரம் நிற்கப்போகும் இடம். எனக்குள் ஒரு சூடு பரவியது. பல வருடங்களாக எதுவும் எனக்கு அவ்வளவு இதமாக இருந்ததில்லை.

மத்தியானம் கராஜ் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் கன்னத்தில் கடுகு சாஸ் ஒட்டியிருந்தது.

"டுவேன், அம்மா என்ன சொன்னாங்க?"

மெல்வதை நிறுத்தவில்லை. "நல்லாப் போயிட்டிருக்கு, ஏன் கெடுக்கிற? உன் நல்லதுக்குத்தான் சொல்லாம இருக்கேன்."

"என் நல்லது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"பார்த்தியா, இதான். இதுக்குத்தான் சொல்றதில்ல." என் தோளைத் தட்டிவிட்டு இன்னொரு பீர் எடுக்க உள்ளே போனான்.

நான் ஜல்லியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு குளிர்காலம், மிஞ்சினால் மூன்று. தளம் அங்கே வெடிக்கும். திட்டுவான். உடைத்து எடுத்து, புதிதாக ஒரு துண்டு போடுவான். அன்றோடு சரியாகிவிடும். எனக்கு அவன் கொடுத்ததை அப்படி உடைத்து எடுக்க முடியுமா? எந்த இடத்தில் உடைப்பேன்? பாத்திக்குக் கீழே நான் விட்டிருந்த மெதுமண் அவனுக்கு மிகப் பெரிய சலுகை என்று அப்போதுதான் புரிந்தது.

எழுந்து போய் ஜல்லியை வழித்தேன். களிமண்ணைத் தள்ளினேன். கறுப்பு மண்ணைக் கடைசிக் கைப்பிடிவரை அள்ளிக் கொட்டினேன்.

"அது முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்" என்றான் டுவேன், கையில் பாட்டிலோடு.

"வாட்டம் சரியில்ல."

"வாட்டம், வாட்டம்! உன் புருஷன் ஏன் ஓடினான்னு இப்பத் தெரியுது."

"தள்ளி நில்லு. ஜல்லி கால்ல கொட்டிடும்."

குழியை ஜல்லியால் நிரப்பி, நிலத்தை இடித்துக் கெட்டிப்படுத்த வாடகைக்கு எடுத்திருந்த திமிசு மிஷினை ஓட்டினேன். தண்ணீர் தெளித்து ஓட்டினேன், மறுபடி கொட்டி மறுபடி ஓட்டினேன். அதிர்வு பல்வரை ஏறியது. அந்தத் தெருவிலேயே அதைவிடக் கெட்டியான நிலம் இருந்திருக்காது. அவ்வளவு வெறுப்போடு நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

கான்கிரீட் வண்டி வந்த அன்று வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. ஓரங்களில் அடைத்திருந்த பலகைகளின் மட்டத்துக்கு இழுத்துச் சமன் செய்து, வழுக்காமல் இருக்க மேலே துடைப்பத்தால் கோடு இழுத்தோம். டுவேன் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பூரிப்போடு நின்றான்.

"தகடு, மேவிஸ். தகடு!"

"ஒரு எடத்துல மட்டும் அடிமண்ண சரியா இடிக்கல" என்றேன், மட்டக்கோலைக் கழுவிக்கொண்டே.

"என்னது?"

"மெதுவா இருக்கு. வேணும்னுதான் விட்டேன்."

சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "எங்க?"

மட்டக்கோலைத் திருப்பி மறுபக்கத்தையும் கழுவினேன்.

"மேவிஸ், வெளயாடாத. இன்னும் பச்சையாத்தான் இருக்கு, தோண்டிடலாம். எங்க?" ஓரமாக நடந்தான், குனிந்தான், ரூபார்ப் இருந்த பக்கத்தை உற்றுப் பார்த்தான், பிறகு தெருப் பக்கத்தை. "அந்தப் பாத்தியா? அங்கதான நீ ரெண்டு தடவ தோண்டின? இல்ல... அங்க இல்ல. எங்கடி?"

அவன் கழுத்து சிவந்திருந்தது. நான் குழாயை மூடினேன்.

"சரி" என்றான், மெதுவாக. "சரி. அம்மா சொன்னதச் சொல்றேன். நீ எடத்தச் சொல்லு."

"மொதல்ல நீ."

ஈரத் தளத்தைப் பார்த்தபடியே பேசினான். "ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். அவ்வளவுதான். நீ அன்னைக்கு லேட்டா வந்து நின்ன, எனக்குக் கோவம்... சும்மா சொன்னேன்."

அந்த முகத்தில் தேடினேன். உண்மையாக இருக்கலாம். அவன் காரியம் ஆவதற்காக இப்போது கட்டியதாகவும் இருக்கலாம். இனி அவன் என்ன சொன்னாலும் இப்படித்தான் பார்ப்பேன்.

"இப்ப நீ சொல்லு" என்றான்.

"எங்கயும் இல்ல. எல்லா எடத்தயும் நல்லா இடிச்சிருக்கேன்."

அது உண்மை. நம்பமாட்டான் என்று தெரிந்ததால்தான் சொன்னேன்.

"பொய் சொல்ற" என்றான்.

மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றினேன். கிளம்பும்போது அவன் பலகையோரம் மண்டியிட்டு, ஒரு குச்சியை ஈரத்தில் குத்தலாமா வேண்டாமா என்று பிடித்துக்கொண்டிருந்தான். குத்தினால் தளம் கெடும். நான் ஹார்ன் அடித்துக் கையசைத்தேன்.