நாலாம் லயத்தில் சாக்ரடீஸ்

“செத்துட்டாருன்னு எத்தன தடவ சொல்றது மச்சான்? வெசத்தக் குடிச்சு ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு.”

“செத்தவனுக்கு எப்பிடிடா காம்பரா குடுத்தான்?”

என் அக்கா புருஷன் ராக்கப்பன் தலையில் கவிழ்த்திருந்த சாக்கை ஓங்கி உதறினார். தண்ணீர் என் முகத்தில் அடித்தது. எஸ்டேட் ஆபீஸ் பலகையில் யாருக்கு எந்த அறை என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு அப்போதுதான் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். நாலாம் லயம், ஏழாம் நம்பர் காம்பரா: சாக்ரடீஸ். சொந்த ஊர் ஏதென்ஸ். உடன் இருப்போர்: கன்பூசியஸ், புத்தன்.

மனு எழுதியது நான். ராக்கப்பனுக்கு எழுதப் படிக்க வராது. அக்கா சாந்தம்மாளுக்கு இது ஒன்பதாம் மாதம். கூரைத் தகரத்தில் மூன்று ஓட்டை. எழுபத்து நாலாம் வருஷ ஆனி மழை விடுவதாக இல்லை. ஒழுகாத காம்பரா ஒன்று வேண்டும், அவ்வளவுதான் சேதி. அதை வெறுமனே எழுத எனக்கு மனம் வரவில்லை. குமுளி வாயனசாலையில் இரவல் எடுத்த மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் மூழ்கிக் கிடந்தேன். முதல் பக்கம் முழுக்க ஏதென்ஸ் நகரத்து சாக்ரடீஸையும் கன்பூசியஸையும் புத்தனையும் நிறுத்தி, மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று பேசவைத்தேன். ஓட்டைக் கூரை பின்பக்கத்துக் கடைசி வரியில் வந்தது. அதன் கீழே ராக்கப்பனின் பெருவிரல் ரேகை.

மலையாளி கிளார்க் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். முதல் பக்கத்தோடு களைத்துவிட்டார். எங்கள் எஸ்டேட்டில் ஒரு ஸ்டாலினும் இரண்டு லெனின்களும் களை வெட்டுகிறார்கள். சாக்ரடீஸ் என்ற பெயர் அவரை எதற்குத் திடுக்கிட வைக்கப்போகிறது? ரேகை வைத்தவரைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்.

நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று விளக்கப் பார்த்தேன். அவர் சாவியை ஆணியில் திரும்ப மாட்டினார். “மேனேஜர் ஒப்பு போட்டாச்சு. சாக்ரடீஸ் வந்து வேண்டாம்னு எழுதணும். ஆள் மரிச்சு போயெங்கில், அதை எழுதிக் கொண்டுவா. அஞ்சு மணி வரை நோக்கும். இல்லெங்கில் அடுத்த மாசம்.”

அடுத்த மாதத்துக்குள் பிள்ளை பிறந்துவிடும்.

“மத்த ரெண்டு பேரு?” என்றார் ராக்கப்பன்.

“அவங்களும் செத்துட்டாங்க.”

“குடும்பத்தோடயா! நல்ல ஆளுகளாப் பாத்துப் பிடிச்ச. எழுதித் தொலடா மாப்ள, மணி நாலாச்சு.”

தாளை எடுத்தேன். அப்படிப்பட்ட மரணத்தை ஒரே வரியில் முடிப்பது எனக்குத் துரோகமாகப் பட்டது. ‘நீதிமன்றத்தின் முன் தலைகுனியாமல்’ என்று தொடங்கினேன்.

“வாசி.”

வாசித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “கோர்ட்டு வேறயா? போலீசக் கூப்பிடப் போறான்டா!”

உள்ளே ஒழுகலுக்கு வைத்த சட்டி நிரம்பித் தளும்பியது. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதை எடுக்கக் குனிந்தாள், முடியவில்லை. பாதி வழியில் நிமிர்ந்து சுவரில் சாய்ந்தாள். பாயின் ஓரம் மழைத்தண்ணீரில் நனைந்து கறுத்துக்கொண்டே வந்தது.

“தம்பி, செத்துட்டாங்கன்னு மட்டும் எழுதுய்யா. புதுசா யாரையும் கூட்டிட்டு வராத.”