சுவர் தாண்டிய கிடார்

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்த்த அக்காவின் கிடார், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போயிருந்தது. சுவரில் விரிசல் இல்லை, காரையும் உதிரவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தவள் அவளுடைய தங்கை. ஆர்டர் எடுத்துக் கேக் செய்து கொடுப்பவள். இருவரும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பா சாகக் கிடந்தபோது தங்கை பிரசவ வார்டில் இருந்தாள். தாயும் பிள்ளையும் தேறட்டும் என்று அக்கா விஷயத்தை மறைத்துவிட்டாள். தங்கை குழந்தையோடு வீடு வந்தபோது அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவருமே செல்போனைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

அக்கா கிடார் வாங்கியது மாலைப் பொழுதைத் தள்ளத்தான். கம்ப்யூட்டரில் பாடம் நடத்தியவர், கிடாரின் கழுத்தில் விரல் வைக்கும் அத்தனை இடங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஐந்து வடிவங்கள் போதும் என்றார். ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை, அந்த ஐந்து வடிவங்களிலும் பிடிக்கலாம். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். ஒவ்வொன்றையும் சுற்றி அதன் சுரவரிசை கிடக்கும். அக்கா தன் வசதிக்கு அவற்றுக்குப் படிக்கட்டு, வரிசை, கவட்டை, முக்காலி, முக்கோணம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வடிவமும் பார்க்காமலே விரலுக்குப் பழகும்போதெல்லாம் கழுத்து ஒரு முழம் நீண்டது. முதலில் தன் கைதான் குட்டையாகிவிட்டது என்று நினைத்தாள். கழுத்து அதன் நடுவில் வளர்ந்ததால், கம்பிகளை முறுக்கும் ஆறு திருகுகளோடு தலைப்பகுதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அதை ஒட்டி இருந்த, அவள் முதலில் கற்ற படிக்கட்டும் கைக்கு எட்டாமல் போனது. சோபாவை நகர்த்தினாள், பிறகு செருப்பு அலமாரியை. அதற்கு மேல் நகர்த்தச் சுவர்தான் இருந்தது.

தங்கையின் சமையலறையில் அந்தத் தலைப்பகுதி அடுப்புக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில் வந்து நின்றது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் தட்டிப் பார்த்து, கனம் தாங்கும் என்றார். ஆறு திருகு, ஆறு கொக்கி. கைத்துண்டுகள், மாவுச் சல்லடை, மகளின் தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் ஏறின. அந்தப் பக்கம் அக்கா எந்த வடிவத்தைச் சரியாகப் பிடித்தாலும் பிசிறடித்தது. ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தவள், கழுத்து நுழைந்த இடத்தில் வாயை வைத்தாள்.

“கேக்குதா? கடைசித் திருகுல என்ன தொங்குது?”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சல்லடை.”

“அதை எடுத்துடேன். கம்பி இறங்கிப் போச்சு.”

அன்று பிற்பகல் முழுக்கத் தங்கை திருகுகளை முறுக்க, “இன்னும் கொஞ்சம்”, “போதும்” என்ற சொற்கள் மட்டுமே சுவரைத் தாண்டின. ஆறு கம்பியும் சுருதி சேர்ந்ததும் தங்கை போகவில்லை. விரலை எங்கே வைக்கணும் என்று கேட்டாள். அக்கா படிக்கட்டைச் சொன்னாள். தங்கை அங்கே அழுத்த, அக்கா இங்கே மீட்ட, இரண்டு வீட்டிலும் ஒரே கார்ட் சுத்தமாக ஒலித்தது.

“வலிக்குதா?”

“வலிக்குது. இருக்கட்டும்.” தங்கை விரலை எடுக்கவில்லை. “அப்பா என்னைக் கேட்டாரா?”

“கேட்டார். நீ வந்துக்கிட்டு இருக்கன்னு சொன்னேன். சரின்னு கண்ணை மூடினார்.”

“சொல்லியிருந்தா வந்திருப்பேன்க்கா.”

“தெரியும். தையல் போட்ட வயித்தோட வந்திருப்ப. அதான் சொல்லல.”

 கம்பிகள் விட்டுவிட்டு அதிர்ந்தன. தங்கை விரலை எடுக்காமலே அழுகிறாள் என்று அக்காவுக்கு அவற்றில் வைத்திருந்த உள்ளங்கை வழியாகத் தெரிந்தது. கையை அங்கேயே வைத்திருந்தாள்.

தங்கைக்கு மற்ற வடிவங்கள் பழகச் சில வருடங்கள் ஆயின. அதற்குள் கழுத்து சமையலறையையும் கடந்து வெளிச்சுவருக்கு அப்பால் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டது. மழையில் திருகுகள் துருப்பிடிக்காமலிருக்கக் குடியிருப்போர் சங்கம் ஒரு தகர மறைப்பு அடித்துக் கொடுத்தது. சுருதி இறங்கிய நாட்களில் லிஃப்ட் மெக்கானிக் தெருவில் ஏணி சாத்தி ஏறுவார். போகிறவர்கள் ஏணியைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.