மிக்க அனுகூலம் பெற்ற சாதி

...இல்லை, முதலில் கும்பிட வேண்டும், கும்பிட்ட பிறகுதான் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், நடுவில் மூச்சு வாங்கினால் மறந்துவிடும், மிக்க அனுகூலம் பெற்ற சாதிக்கு வியாபாரத்தில் என்ன சலுகை உண்டோ... அந்தச் சலுகை மற்றச் சாதிக்கும் உண்டு, இவ்வளவுதான், இராக்கம்மா வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். ஆபீஸ் வாசலில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் கூரைக்கடியில் நின்றார்கள், இருவரும் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற மேல்சாதி ஆட்கள், அதனால் அவள் சாரல் விழுகிற இடத்தில் நின்றாள், யாரும் அங்கே நில் என்று சொல்லவில்லை, கால் தானாகவே அங்கேதான் போய் நிற்கிறது, பழக்கம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்து எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியிருப்பார்கள், பக்கத்து நிரைப் பெரியாயி அவளுடைய தேயிலை நிரையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள், அப்படியும் இன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அரை நாள் கூலிதான், விழட்டும். பொழுது சாய்வதற்குள் அவள் பாத்தியில் போஞ்சிக்காய்க் கொடி ஒன்றுகூட நிற்கக்கூடாது என்று நேற்றுப் பெரிய கங்காணி சொல்லிவிட்டார், சொன்னால் செய்கிற மனிதர். அவள் இருக்கிற ஓடைக்கரை லயத்துக்குப் பின்னால், தேயிலைகூட வேண்டாம் என்று விட்ட அந்தக் கல் சரிவில், கல்லைக் கையால் பொறுக்கி எறிந்து, மாட்டுச் சாணத்தைத் தலையில் சுமந்து போட்டு, மூன்று பாத்தி... இந்தத் தோட்டத்தில் அவள் நட்டது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பறித்ததுதான்.

விதைத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, காய்த்தபோதும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்து ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தபோதுதான் வந்தது வினை, மேல் லயத்துப் பெண்கள்கூட வாங்கினார்களே, அதுதான் பொறுக்கவில்லையோ, கங்காணியின் மச்சினன் கடையில் முளைவிட்ட உருளைக்கிழங்கும் சுருங்கின கத்தரிக்காயும்தானே இருக்கின்றன. "தோட்டத்துல யாவாரம்னா எங்க கடை மட்டுந்தான்டி. எல்லாரும் தராசு தூக்கிட்டா கொழுந்து யாரு எடுக்கிறது, தொரைச்சாணியா?" என்று கங்காணி கேட்டார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை நினைத்தால்தான் இப்போது கூடுதலாக எரிகிறது... நான் ஏன் சிரித்தேன்? சரி, தோட்டத்தில்தானே விற்கக்கூடாது என்று விடியுமுன்பே எழுந்து பதுளைக் கடைத்தெருவுக்குச் சுமந்தாள், பலீல் நானா கடையில் போட்டாள், அதுவும் கங்காணி காதுக்கு எட்டியது, பாத்தியையே பிடுங்கு என்றுவிட்டார். பலீல் நானா நல்ல மனிதர், காயை ஒடித்துப் பார்த்து வாங்குவார், அவளைப் பார்த்து வாங்கமாட்டார், அன்றைக்குக் கடை முன்னால் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார், நம் ராசாவும் வேறொரு ராசாவும் வியாபார உடன்படிக்கை எழுதிக்கொண்டார்களாம், அதில்தான் இந்த வாக்கியம் வந்தது. நானா, அத இன்னொருக்கா படிங்க என்றாள். "ஏன் புள்ள, நீ கப்பல் வாங்கப் போறியா?" என்று சிரித்துவிட்டு அவர் இன்னொரு தடவையும் படித்தார். சாதி என்றா போட்டிருக்கிறது, நெசமாவா? "சாதி எண்டுதான் புள்ள போட்டீக்கி, நான் கையிலேந்து சேத்தா படிக்கேன்?" அவ்வளவுதான், அவள் காலி கூடையோடு நமுனுகுல மலைப்பக்கம் ஏறி வந்த வழி முழுக்க அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சாதி என்று ராசாவே எழுதியிருக்கிறார், கங்காணி சாதிக்குக் கடை உண்டு என்றால் ஓடைக்கரை லயத்துச் சாதிக்கும் உண்டு, இதைவிட யார் எப்படி எழுத முடியும், எழுதினவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருக்கிறது, கடல் தாண்டி இருக்கிறவருக்கு எப்படித் தெரிந்தது? பெரியாயியிடம் சொன்னபோது அவள், "ஏன்டி, அம்புட்டுப் பெரிய ராசாவுக்கு ஒன் போஞ்சிக்காக் கவலைதானா?" என்றாள், பொறாமை இல்லை, பயம், அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

முன்னால் நின்றவர்கள் போய்விட்டார்கள், உள்ளேயிருந்து கிளாக்கர் ஐயா எட்டிப் பார்த்தார், யாழ்ப்பாணத்து மனிதர், திருநீறு நெற்றி நிறைய, "என்ன, வேலைக்குப் போகாமல் இஞ்ச என்ன செய்யிறாய்?" அவருக்குப் பின்னால் தோட்டத்துத் துரை வாயில் புகைச்சுங்கானோடு சன்னலைப் பார்த்து நின்றார். அவள் கும்பிட்டாள், வாக்கியம் வந்தது, ஒரு எழுத்து விழாமல் வந்தது, அவளுக்கே ஆச்சரியம், அதோடு நிறுத்தியிருக்கலாம், "அதுனால எம் பாத்திய புடுங்கக்கூடாதுங்க, கங்காணியார் சாதிக்குக் கடை இருக்குல்லங்க, எங்களுக்கும் உண்டுன்னு ராசா எழுதியிருக்காருங்க" என்றும் சொல்லிவிட்டாள். கிளாக்கர் ஐயா முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு அவர் முகத்தில் சிரிப்பு பரவியது, எண்ணெய் தண்ணீரில் பரவுவதுபோல மெதுவாக, எல்லா இடத்துக்கும். "எடி விசரி! அது உங்கட சாதி இல்லையடி. பேப்பர்க்காரன் நாடு எண்டதுக்குச் சாதி எண்டு போட்டிருக்கிறான். இங்கிலீசுக்காரன் ஒரு சாதி, பிரெஞ்சுக்காரன் ஒரு சாதி, அப்பிடி. நாடு நாட்டோட எழுதினது. உன்ர போஞ்சிக்கு ஆரடி கையெழுத்து வைச்சது?" துரை என்னவென்று கேட்டார், இவர் இங்கிலீசில் சொன்னார், நெடுநேரம் சொன்னார், துரை சுங்கானை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதுகு குலுங்கச் சிரித்தார், கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, நாய்க்குட்டி செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சிரிப்பாரே, அந்த மாதிரி. பிறகு சன்னலருகே வந்து அவருடைய தமிழில் அவளையே கேட்டார், "நல்லது. நீ எந்த சாதி? சொல்லு."

அவளுக்கு அந்தக் கேள்வி புதிதில்லை, குழாயடியில், கோயில் வாசலில், கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில்கூடக் கேட்டிருக்கிறார்கள், பதில் எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும், தலை தானாகத் தாழும், பதில் சொல்லாமலே சொல்லிவிடலாம். ஆனால் இவர் கேட்பது அது இல்லை, இங்கிலீசுக்காரன், பிரெஞ்சுக்காரன், நான்...? அம்மா முசிறிப் பக்கம் என்பாள், முசிறி எப்படி இருக்கும், இவள் பார்த்ததில்லை, இவள் பிறந்தது இந்த லயத்தில் மூன்றாவது காம்பராவில், பதுளைக் கடைத்தெருவில் சிங்களத்தி அவளைப் பார்த்து வேறு ஊர்க்காரி என்று ஒதுங்குகிறாள், கிளாக்கர் ஐயாவும் தமிழ்தான் பேசுகிறார், அவரிடம் கேட்டால் இவளும் தன் சாதி என்பாரா, சொல்லமாட்டார், வாயைத் திறந்தாள், தோட்டத்துப் பெயர்தான் வந்தது, அதையும் விழுங்கிவிட்டாள். "பேசாமல் நிக்கிறாள் பாருங்கோ" என்றார் கிளாக்கர் ஐயா. துரை கையை அசைத்தார், கடை, பாத்தி எல்லாம் கங்காணி பார்த்துக்கொள்வார், போ, வேலைக்குப் போ. சிரிக்காமலாவது அனுப்பியிருக்கலாம்... இல்லை, சிரித்ததால் அடி விழவில்லை, அதுவும் ஒரு சலுகைதான் போலிருக்கிறது.

கொழுந்து மலைக்கு ஏறும்போது வழியில் பாத்தி தெரிந்தது, கங்காணியின் ஆட்கள் இரண்டு பேர் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள், பொழுது சாயும்வரை காத்திருக்கவில்லை, கொடியை வேரோடு சுருட்டிச் சுருட்டி ஓடைப்பக்கம் எறிந்தார்கள், ஒருவன் பிஞ்சு ஒன்றைக் கடித்துப் பார்த்து நல்லாயிருக்குப்பா என்று மற்றவனிடம் சொன்னான். அவள் நிற்கவில்லை. நின்றால் அந்தக் காய் நன்றாகத்தான் இருந்தது என்று அவளும் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நிரையில் பெரியாயி கையை நிறுத்தாமலே கேட்டாள், "என்னடி சொன்னாரு தொரை?" இவள் கூடைக்கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டே, "சாதி என்னான்னு கேட்டாரு" என்றாள். பெரியாயிக்குப் புரிந்துவிட்டது, அடுத்த நிரைக்காரிக்கும் புரிந்துவிட்டது, "அங்கயும் அதானா" என்று ஒரு குரல் மட்டும் செடிகளுக்குள்ளிருந்து வந்தது. இல்லை, அந்தச் சாதி இல்லை, அவர் கேட்டது வேறு என்று சொல்ல இராக்கம்மா வாயெடுத்தாள், வேறு என்றால் எது என்று கேட்பார்களே, அதற்கு நான் என்ன சொல்வது... கை அதுபாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளியது.